உயரம் பார்த்து அணி சேர்க்கலாமா?

உடற்கல்வி ஆசிரியராகச் சேர்ந்த புதிதில், கூடைப்பந்து அணிக்கு ஆள் எடுக்க எனக்குப் பத்து நிமிடம் போதும். மாணவர்களை உயர வரிசையில் நிறுத்தி, கடைசியில் நிற்கும் பன்னிரண்டு பேரை எடுத்துக்கொள்வேன். ஒருநாள் வரிசையின் முதலில் நின்ற எட்டாம் வகுப்பு மாணவன், "சார், பந்தைக் கையில கொடுக்காமலே எப்படி சார் வேண்டாம்னு சொல்றீங்க?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

அதன் பிறகுதான் மக்ஸி போக்ஸைப் பற்றிப் படித்தேன். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஏழைகளின் குடியிருப்பில் வளர்ந்தவர். உயரம் 160 செ.மீ.; என்.பி.ஏ. வரலாற்றிலேயே மிகக் குறைந்த உயரம். டன்பார் உயர்நிலைப் பள்ளிக்கு அவர் ஆடிய இரண்டு பருவங்களிலும் அந்த அணி தோற்கவே இல்லை. 1987-இல் வாஷிங்டன் அணி முதல் சுற்றில், 12-ஆவதாக அவரைத் தேர்ந்தெடுத்தது. அதே அணியில் இருந்த மனூட் போலின் உயரம் 231 செ.மீ.! போக்ஸ் மொத்தம் 14 பருவங்கள் ஆடினார்.

எப்படி முடிந்தது? வளையம் 3.05 மீட்டர் உயரத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் பந்தைத் தட்டிக்கொண்டு வருபவர் யாராக இருந்தாலும், பந்து ஒவ்வொரு முறையும் தரைக்கு வந்தே தீர வேண்டும். அங்கே போக்ஸின் கைதான் முதலில் போய்ச் சேரும். அவர் தட்டும் பந்தோ முழங்கால் உயரத்திலேயே நிற்கும். நெடிய வீரர் குனிவதற்குள் அவர் கடந்துவிடுவார். சார்லட் அணியின் வரலாற்றில், கூடை விழும்படி பந்தைக் கடத்திக் கொடுத்ததில் இன்றும் அவரே முதலிடம்.

நம் மாணவர்களிடம் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பையன்கள் வேகமாக வளர்வது பொதுவாக 13, 14 வயதில். சிலருக்கு அது 12-இலேயே தொடங்கிவிடும், சிலருக்கு 15 தாண்டும். 14 வயதுக்குட்பட்டோர் அணியை உயரம் பார்த்துச் சேர்த்தால், சீக்கிரம் வளர்ந்தவனைத்தான் சேர்க்கிறோம், ஆடத் தெரிந்தவனை அல்ல. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2.60 மீட்டர் வளையமும் 5-ஆம் எண் பந்தும் போதும் (நம்மில் பலர் பெரிய பந்தையே கொடுத்துவிடுகிறோம்).

கேள்வி கேட்டவனை மறுநாளே சேர்த்துக்கொண்டேன். முதல் போட்டியில் பதற்றத்தில் பலமுறை பந்தைப் பறிகொடுத்து, ஓரமாய்ப் போய் அழுதான். மறுநாள் காலை எனக்கு முன்பே மைதானத்துக்கு வந்துவிட்டான். பன்னிரண்டாம் வகுப்பில் அவன்தான் அணித் தலைவன். உயரம் அப்போதும் பெரிதாகக் கூடவில்லை. அந்த ஆண்டுத் தேர்வுக்கு அவனையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். வழக்கப்படி உயர வரிசையில் நிற்கப் போன சிறுவர்களை அவன் கலைத்துவிட்டு, ஆளுக்கொரு முறை பந்தைக் கையில் கொடுத்தான்.