பட்டாளத்துக் காய்ச்சல்: அன்றும் இன்றும்

கொல்லிமலை அடிவாரத்து முள்ளுக்குறிச்சிப் பையன் ஒருவனுக்கு மெட்ராஸ் ரெஜிமெண்டில் இடம் கிடைத்தால், பயிற்சிக்குக் குன்னூர் பக்கத்து வெலிங்டன் போவான். திண்ணையில் காற்றாடப் படுத்தவன், அங்கே நீளக் கூடத்தில் கட்டிலோடு கட்டிலாகப் படுக்க வேண்டும். ஒருவன் தும்மினால் கூடமே தும்மும்.

1918 மே கடைசியில் சிப்பாய்களை ஏற்றிய கப்பல் ஒன்று பம்பாய் வந்தது. ஜூன் 10 அன்று ஏழு போலீஸ்காரர்கள் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். ஒருவர் துறைமுகத்தில் காவல் நின்றவர். பிறகு ரயிலேறிப் பரவிய அந்த ஃபுளூவுக்கு இந்தியாவில் மட்டும் 1 கோடிக்கு மேல் பலி. வழக்கமாகக் குழந்தைகளையும் முதியவர்களையும் கொண்டுபோகும் நோய், அந்த முறை 20 முதல் 40 வயதுக்காரர்களையும் வாரியது. பட்டாளத்து வயசு! அமெரிக்காவின் கேம்ப் டெவன்ஸ் ராணுவ முகாமில் அந்தச் செப்டம்பரில் 45,000 பேர் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். உச்சத்தில் ஒரே நாளில் 60 பேருக்கு மேல் செத்தார்கள். டாக்டர்களுக்குக் கிருமி எதுவென்றே தெரியாது, பாக்டீரியா என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். முகாம்களில் கட்டில்களுக்கு நடுவே துணி தொங்கவிட்டார்கள். ஒருவன் தலைமாட்டுப் பக்கம் அடுத்தவன் கால் வரும்படி படுக்க வைத்தார்கள். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அன்றைய வைத்தியத்தில் உருப்படியானது அதுதான்.

மனித ஃபுளூ வைரஸ் பிடிபட்டது 1933ல். இரண்டாம் உலகப்போரில் ராணுவத்துக்காகத்தான் தடுப்பூசி ஆராய்ச்சியே வேகமெடுத்தது; 1945ல் அமெரிக்காவில் அனுமதி. 1957ல் சிங்கப்பூரிலிருந்து வந்த ராஜுலா கப்பல் ஆசிய ஃபுளூவைச் சென்னையில் இறக்கியபோது, அதை ஆராய வெலிங்டனுக்குப் பக்கத்திலேயே குன்னூர் பாஸ்டர் நிலையம் இருந்தது. நாடெங்கும் 44 லட்சம் பேருக்கு மேல் படுத்தார்கள். கணக்கில் வந்த சாவு 1,098. வைரஸும் அவ்வளவு கொடியதல்ல, நிமோனியாவுக்குப் பென்சிலினும் வந்திருந்தது.

இப்போது ஊசி, பரிசோதனை, ஒசெல்டாமிவிர் மாத்திரை எல்லாம் கைவசம். அப்படியும் 2014 பிப்ரவரியில் சான் டியாகோவில் ஆர்டென்ட் என்ற போர்க்கப்பலில் 102 பேரில் 25 பேர் படுத்தார்கள். 99 சதவீதம் பேர் ஊசி போட்டவர்கள்! அதற்காக ஊசி வீண் என்றில்லை. நெருக்கம் அதையும் மிஞ்சிவிடுகிறது.

பயிற்சியில் நாள் தவறினால் அடுத்த பேட்சுக்குத் தள்ளிவிடுவார்கள் என்ற பயம் ரெக்ரூட்டுக்கு எப்போதும் உண்டு. அந்தப் பயத்தில் காய்ச்சலைப் பாராசிட்டமாலால் அமுக்கிக்கொண்டு பரேடில் நிற்பவன், ராத்திரி அதே கூடத்தில்தான் படுப்பான். ஃபுளூவுக்காகப் படுத்த நாட்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் பாதித் தொல்லை தீரும் என்பேன்.