பரணில் ஒரு பொக்கிஷம்

பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்கு அனுப்பப் போகிறீர்களா, சகோதரிகளே? சற்றுப் பொறுங்கள்! குழந்தையின் முதல் பிறந்த நாள் படங்கள் அதன் ஹார்ட் டிஸ்க்கில் அல்லவா இருக்கின்றன?

புதுக் கம்ப்யூட்டரில் அதை நேரே பொருத்த முடியாது. பழையதற்கு 40 ஊசிகளும் அகன்ற நாடா ஒயரும். 2003-இல் வந்த 'ஸாட்டா' முறைக்கோ 7 முனைகளும் மெல்லிய ஒயரும். இரு வீட்டாரையும் சேர்த்து வைக்க ஒரு தரகர் வேண்டுமே! அவர் பெயர்தான் அடாப்டர். 1734-இல் நெசவாளர்களுக்காக ஏற்பட்ட சிந்தாதிரிப்பேட்டையில், ரிச்சி தெருக் கடைகளில் விசாரியுங்கள். யூ.எஸ்.பி. அடாப்டரானால் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். மூன்றரை அங்குல டிஸ்க்குக்குத் தனி மின்சார இணைப்பும் அவசியம்.

இணைத்ததும், "ஃபார்மட் செய்யவா?" என்று கம்ப்யூட்டர் கேட்கலாம். தவறியும் சம்மதிக்காதீர்கள், படங்கள் பறிபோகும்! முதலில் பிரதி எடுங்கள். பரண் சுத்தமெல்லாம் பிறகு!