ஒரே எலும்பு, இரண்டு தீர்ப்பு
மனிதத் தோற்றம் பற்றிப் படைப்புவாதமும் பரிணாமக் கொள்கையும்

மனிதன் எப்படித் தோன்றினான் என்ற கேள்விக்கு விடை சொல்லாத சமயமும் இல்லை, சமூகமும் இல்லை. களிமண்ணைப் பிசைந்து உருவாக்கி அதில் உயிர் ஊதினான் இறைவன் என்று மேற்கு ஆசியாவில் சொன்னார்கள். பிரமன் படைத்தான் என்று நம் நாட்டில் சொன்னார்கள். 1859-ஆம் ஆண்டு சார்லஸ் டார்வின் 'உயிரினங்களின் தோற்றம்' என்ற நூலை வெளியிட்டபோது வேறொரு விடைக்கு வழி பிறந்தது. 1871-இல் வெளிவந்த அவரது மற்றொரு நூல், மனிதனும் இந்த விதிக்கு உட்பட்டவனே என்று வெளிப்படையாகவே கூறியது. அன்று தொடங்கிய விவாதம் இன்னும் ஓயவில்லை.

இது ஏதோ அமெரிக்கப் பாதிரிமார்களின் சண்டை, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. 2018 ஜனவரியில் மத்திய மனிதவள மேம்பாட்டுத் துறை இணை அமைச்சராக இருந்த சத்யபால் சிங், டார்வின் கொள்கை அறிவியல்படி தவறானது என்றும், குரங்கு மனிதனாக மாறியதை நம் முன்னோர் எவரும் பார்த்ததாகச் சொல்லவில்லை என்றும் பேசினார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் சேர்ந்து மறுப்பு அறிக்கை வெளியிட்டன. 2023-இல் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் 'பாரம்பரியமும் பரிணாமமும்' என்ற பாடம் சுருங்கி வெறும் 'பாரம்பரியம்' ஆயிற்று. பாடச்சுமையைக் குறைக்கவே இது என்று கூறப்பட்டது. 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்த்தனர். பன்னிரண்டாம் வகுப்பில் பரிணாமம் இருக்கிறதே என்று பதில் வந்தது. ஆனால் பத்தாம் வகுப்புக்குப் பின் உயிரியல் படிக்காத பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு இல்லையே! ஆகவே, இரு தரப்பும் என்ன சொல்கின்றன, எலும்புகள் என்ன சொல்கின்றன என்பதை நாமே பார்த்துக்கொள்வது நல்லது.

குரங்கிலிருந்தா வந்தோம்?

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிடுவோம். இன்று மரத்தில் தாவும் குரங்கோ, ஆப்பிரிக்கக் காட்டிலுள்ள சிம்பன்சியோ மனிதனாக மாறியது என்று எந்த விஞ்ஞானியும் சொல்லவில்லை. சிம்பன்சிக்கும் நமக்கும் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பொது மூதாதை இருந்தது. அங்கிருந்து இரு கிளைகள் பிரிந்தன என்பதே கொள்கை. பெரியப்பா பிள்ளையும் சித்தப்பா பிள்ளையும் ஒரே தாத்தாவின் பேரர்கள். ஒருவரிடமிருந்து மற்றவர் பிறக்கவில்லை. 'குரங்கு மனிதனானால் இன்னும் ஏன் குரங்குகள் இருக்கின்றன?' என்று கேட்பவர்களுக்கு இந்த உதாரணம் போதும்.

படைப்புவாதிகளிலும் பல பிரிவினர் உண்டு. உலகம் தோன்றி ஆறாயிரம் ஆண்டுகள் சொச்சமே ஆகிறது என்பவர்கள் ஒரு சாரார். 17-ஆம் நூற்றாண்டில் ஆயர் அஷர், விவிலிய வம்சாவளிகளைக் கூட்டிக் கி.மு. 4004-இல் படைப்பு நிகழ்ந்ததாகக் கணக்கிட்டார். இவர்கள் அந்த வழியில் வருபவர்கள். 1961-இல் விட்கோம்ப், மோரிஸ் இருவரும் எழுதிய நூலுக்குப் பின் இந்த இயக்கம் அமெரிக்காவில் வலுப்பெற்றது. பூமி பழமையானதே, ஆனால் மனிதன் தனியாகப் படைக்கப்பட்டவன் என்பவர்கள் இன்னொரு சாரார். மனிதன் தனிப் படைப்பு, குரங்கு தனிப் படைப்பு, இடையில் எதுவும் இருக்க முடியாது என்பதில் இவ்விரு சாராரும் ஒன்றுபடுகிறார்கள்.

இங்கேதான் எலும்புகள் சாட்சிக்கு வருகின்றன. இடைப்பட்ட உயிரினம் இல்லை என்றால், தோண்டியெடுத்த ஒவ்வொரு மண்டையோட்டையும் 'இது குரங்கு', 'இது மனிதன்' என்று தயக்கமின்றிப் பிரித்து வைக்க முடிய வேண்டும். முடிகிறதா?

ஜாவாவின் மண்டையோடு

யூஜின் துபுவா என்ற டச்சு மருத்துவர், ஆதிமனிதனைத் தேடுவதற்கென்றே 1887-இல் அன்றைய டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பலேறினார். 1891-இல் ஜாவாவில் சோலோ ஆற்றங்கரையில் திரினில் என்னுமிடத்தில் ஒரு மண்டையோட்டின் மேல்மூடி கிடைத்தது. மறு ஆண்டு ஒரு தொடை எலும்பு கிடைத்தது. மண்டையோடு தாழ்ந்து, புருவத்து எலும்பு புடைத்திருந்தது. மூளையின் அளவு ஏறத்தாழ 900 கன சென்டிமீட்டர். சிம்பன்சியின் மூளை சுமார் 400. நமது மூளை சராசரியாக 1,350. நடுவில் நிற்கிறது ஜாவா மனிதன். பின்னர் சீனாவில் பீக்கிங் அருகே கிடைத்த எலும்புகளும் இதே வகையினவே. இரண்டையும் இன்று 'ஹோமோ எரக்டஸ்' என்ற ஒரே இனத்தில் சேர்க்கிறார்கள்.

படைப்புவாதிகளில் புகழ்பெற்றவரான டுவான் கிஷ், ஜாவா மனிதனும் பீக்கிங் மனிதனும் குரங்குகளே என்று எழுதினார். அவரைப் போலவே படைப்பை நம்பும் மார்வின் லூபனோ 1992-இல் ஒரு நூல் எழுதினார். இவை முழு மனிதர்களே என்பது அவர் தீர்ப்பு. இருவரும் விவிலியத்தை அட்சரம் பிசகாமல் நம்புகிறவர்கள். பார்த்ததும் ஒரே எலும்பு. தீர்ப்பு மட்டும் இரண்டு! குரங்குக்கும் மனிதனுக்கும் நடுவே கடக்க முடியாத பள்ளம் இருக்குமானால், அது எங்கே இருக்கிறது என்பதிலாவது ஒற்றுமை இருக்க வேண்டுமல்லவா? இடைப்பட்டது என்பதாலேயே இடம் சொல்ல முடியாமல் போகிறது.

விஞ்ஞானிகளும்தான் எலும்புகளுக்குப் பெயர் சூட்டுவதில் சண்டையிடுகிறார்கள் என்று கேட்கலாம். உண்மை. ஆனால் பரிணாமம் நிகழ்ந்திருந்தால் எல்லைகள் மங்கலாகத்தான் இருக்கும். பையன் எந்த நாளில் வாலிபனானான் என்று சொல்ல முடியாதது போல. மங்கலான எல்லை ஒரு கட்சிக்கு எதிர்பார்த்த செய்தி. மறு கட்சிக்குத் தீராத தலைவலி.

லூசியும் காலடிச் சுவடுகளும்

1974 நவம்பரில் எத்தியோப்பியாவின் ஹதார் பகுதியில் டொனால்ட் ஜொஹான்சன் குழுவினர் ஒரு பெண்ணின் எலும்புக்கூட்டில் ஏறத்தாழ 40 சதவீதத்தைக் கண்டெடுத்தனர். வயது 32 லட்சம் ஆண்டுகள். அன்றிரவு முகாமில் ஒலித்த பீட்டில்ஸ் பாட்டிலிருந்து 'லூசி' என்ற பெயர் வந்தது. உயரம் சுமார் மூன்றரை அடி. மூளை சிம்பன்சியின் மூளையைவிட மிகப் பெரியதல்ல. ஆனால் இடுப்பெலும்பும் முழங்காலும் இரண்டு காலில் நடந்தவளுடையவை.

லூசி வெறும் குரங்கே என்கிறார்கள் படைப்புவாதிகள். 1978-இல் தான்சானியாவின் லேட்டோலியில் மேரி லீக்கியின் குழு எரிமலைச் சாம்பலில் பதிந்த காலடிச் சுவடுகளைக் கண்டது. ஏறத்தாழ 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இரண்டு காலில் நடந்து சென்றவர்களின் சுவடுகள் அவை. அவற்றைப் பார்த்தவுடன் 'இவை மனிதனுடையவை' என்கிறார்கள் அதே படைப்புவாதிகள். லூசியின் இனத்தவருடைய எலும்புகள் அந்த லேட்டோலியிலேயே கிடைத்திருக்கின்றன. மனித எலும்பு ஒன்றுகூட அந்தக் காலத்து மண்ணில் இல்லை. எலும்பைக் குரங்குக்குக் கொடுத்துவிட்டுச் சுவட்டை மனிதனுக்குக் கொடுப்பது என்ன நியாயம்?

1984-இல் கென்யாவில் துர்க்கானா ஏரிப் பக்கம் கமோயா கிமெயு கண்டுபிடித்த சிறுவனின் எலும்புக்கூடு இன்னும் சுவையானது. ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் பழமையானது. கழுத்துக்குக் கீழே கிட்டத்தட்ட நம்மைப் போன்ற உடல். மேலே புருவமேடும், மோவாய் இல்லாத முகமும், 880 கன சென்டிமீட்டர் மூளையும். ஜார்ஜியா நாட்டின் ட்மனிசியில் ஒரே இடத்தில் கிடைத்த 18 லட்சம் ஆண்டுப் பழமையான ஐந்து மண்டையோடுகளிலோ, மூளையின் அளவு சுமார் 550-லிருந்து 730 வரை வேறுபடுகிறது. எங்கே கோடு கிழிப்பது?

மோசடியும் தவறும்

படைப்புவாதிகள் அடிக்கடி எடுத்து வைக்கும் இரண்டு குற்றச்சாட்டுகள் உண்மையானவை. அவற்றை மறைப்பதில் பயனில்லை.

முதலாவது, பில்ட்டவுன் மோசடி. 1912-இல் இங்கிலாந்தில் சார்லஸ் டாசன் என்பவர் கொண்டுவந்த 'ஆதி ஆங்கிலேயன்', மனித மண்டையோட்டுடன் ஒராங்குட்டானின் தாடையைச் சேர்த்து, பல்லை அராவி, சாயமேற்றிச் செய்த போலி. நாற்பது ஆண்டுகள் அது அருங்காட்சியகத்தில் மரியாதையுடன் இருந்தது. மூளைதான் முதலில் வளர்ந்திருக்க வேண்டும் என்று அன்றைய அறிஞர்கள் எண்ணியதற்கு ஏற்ப இருந்ததால் சந்தேகம் எழவில்லை. 1925-இல் ரேமண்ட் டார்ட் தென் ஆப்பிரிக்காவிலிருந்து அறிவித்த தாவுங் குழந்தையின் மண்டையோடு உண்மையான சான்றாயிருந்தும், சிறிய மூளை என்பதால் பலர் அதைப் புறக்கணித்தனர். இரண்டாவது, நெப்ராஸ்கா மனிதன். 1922-இல் ஒரே ஒரு பல்லை வைத்து அறிவிக்கப்பட்டது. பின்னர் அது காட்டுப்பன்றியைப் போன்ற ஒரு விலங்கின் பல் என்று தெரிந்தது.

ஆனால் இவற்றை வெளிப்படுத்தியது யார்? பில்ட்டவுன் புரட்டை 1953-இல் உடைத்தவர்கள் ஓக்லி, வைனர், லெ கிராஸ் கிளார்க் என்ற மூன்று விஞ்ஞானிகள். நெப்ராஸ்காப் பல்லை 1927-இல் திரும்பப் பெற்றுக்கொண்டவர்களும் விஞ்ஞானிகளே.

நம் மண்ணிலேயே ஒரு சான்று உண்டு. 1932-இல் இன்றைய இமாசலப் பிரதேசத்தின் ஹரிதல்யங்கர் பகுதியில் எட்வர்ட் லூயிஸ் ஒரு மேல்தாடையைக் கண்டெடுத்து, இராமபிரானின் பெயரால் 'ராமபிதிகஸ்' என்று பெயரிட்டார். 1960-களில் எல்வின் சைமன்ஸ், டேவிட் பில்பீம் இருவரும் அதுவே மனிதனின் ஆதி மூதாதை என்று நிலைநாட்டினர். ஆதி மனிதன் இந்தியாவில்தான் தோன்றினான் என்று நமக்கெல்லாம் பெருமை! பிறகு பாகிஸ்தானின் பொத்வார் பகுதியில் பில்பீமின் குழுவுக்கே ஒரு முகத்தின் எலும்புகள் கிடைத்தன. அது ஒராங்குட்டானின் உறவு என்று தெரிந்ததும், 1982-இல் பில்பீமே தம் பழைய கருத்தைக் கைவிட்டார். ராமபிதிகஸ் மனித வம்சத்திலிருந்து நீக்கப்பட்டது. தன் கொள்கைக்குத் தானே எதிர்சாட்சி தேடித் தரும் இந்தப் பழக்கம்தான் விஞ்ஞானத்தின் பலம்.

வயதும் மரபணுவும்

காலக் கணிப்பே பொய் என்பது அடுத்த வாதம். கரிமம்-14 முறை தவறாக வருகிறது என்று உதாரணம் காட்டுவார்கள். கரிம முறை ஏறத்தாழ 50,000 ஆண்டுகள் வரையே செல்லும். லூசியின் வயதை அதனால் எவரும் கணிக்கவில்லை. எரிமலைக் குழம்பு உருகியிருக்கும்போது அதிலுள்ள ஆர்கான் வாயு வெளியேறிவிடும். இறுகிய பின் அதிலுள்ள கதிரியக்கப் பொட்டாசியம் மெல்ல மெல்லச் சிதையும்; அதில் ஒரு பகுதி ஆர்கானாக மாறும். பாதி சிதைவதற்கு 125 கோடி ஆண்டுகள் பிடிக்கும். சேர்ந்த ஆர்கானை அளந்தால் பாறையின் வயது தெரியும். பாறையில் பதிந்த பூமியின் காந்தத் திசைமாற்றங்களைக் கொண்டு அதைச் சரிபார்க்கவும் முடியும்.

எலும்பே கிடைக்காமல் போயிருந்தாலும் வேறொரு சாட்சி நம் உடம்பிலேயே இருக்கிறது. மனிதக் குரங்குகளுக்கு 24 ஜோடி குரோமோசோம்கள், நமக்கு 23. பொது மூதாதை என்றால் ஒரு ஜோடி எங்கே போயிற்று? நமது இரண்டாம் குரோமோசோமில், இரண்டு குரோமோசோம்கள் முனையோடு முனை ஒட்டிய தழும்பு இருப்பது 1991-இல் மரபணு வரிசையிலேயே தெளிவாயிற்று. 2010-இல் ஸ்வாந்தே பேபோவின் குழுவினர் நியண்டர்தால் மனிதனின் மரபணுத் தொகுதியை வெளியிட்டனர்; ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் நம் போன்றவர்களிடம் அதன் ஒன்றிரண்டு சதவீதம் கலந்திருக்கிறது. அவருக்கு 2022-இல் நோபல் பரிசு கிடைத்தது.

நம்மவர் வாதம்

மச்சம், கூர்மம், வராகம், நரசிம்மம், வாமனம் என்று தசாவதாரமே பரிணாமத்தைச் சொல்கிறது என்பவர்கள் நம்மிடையே உண்டு. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அவதாரக் கதை தர்மத்தைப் பற்றிப் பேசுகிறது. எலும்புகளைப் பற்றி அல்ல. அதற்கு விஞ்ஞான முத்திரை குத்துவதால் அதன் பெருமை கூடப் போவதில்லை.

1993-இல் மைக்கேல் கிரெமோ, ரிச்சர்ட் தாம்ப்சன் ஆகிய இருவரும் புராண நோக்கில் எழுதிய தடித்த நூல், மனிதன் பல கோடி ஆண்டுகளாக இதே உருவில் வாழ்கிறான் என்று வாதிட்டது. ஒரு படைப்புவாதம் ஆறாயிரம் ஆண்டு என்கிறது. இன்னொன்று பல கோடி என்கிறது. இரண்டில் எது சரி என்று சொல்ல இரு தரப்பிடமும் பொதுவான அளவுகோல் இல்லை. அவரவர் நூலே அவரவருக்கு அளவுகோல்.

நம் நாட்டின் உண்மையான செல்வம் மண்ணில் இருக்கிறது. 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு அவர் அறிந்து சொன்ன அத்திரம்பாக்கத்தின் கருவிகள் 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்று சாந்தி பப்புவும் அவரது குழுவினரும் 2011-இல் காட்டினர். மத்தியப் பிரதேசத்தின் ஹத்னோராவில் நர்மதைக் கரையில் அருண் சோனகியா 1982-இல் கண்டெடுத்த மண்டையோடு, எந்த இனத்தது என்று இன்னும் விவாதிக்கப்படுகிறது. விவாதத்தைத் தீர்க்க இன்னும் எலும்புகள் வேண்டும். அவற்றைத் தேடிப்போக ஆட்கள் வேண்டும்.

பக்திக்கு இடையூறா?

பரிணாமத்தை ஏற்றால் கடவுளை விட வேண்டுமோ என்று அஞ்சுபவர்கள் இருக்கிறார்கள். பீக்கிங் மனிதனின் ஆராய்ச்சியில் பங்குகொண்ட தெயார் த ஷார்தான் ஒரு ஏசுசபைத் துறவி. பரிணாமம் வெறும் ஊகத்தைவிட மேலானது என்று 1996-இல் போப் இரண்டாம் ஜான் பால் ஒப்புக்கொண்டார். கோயிலுக்குப் போய்வந்துவிட்டு ஆய்வுக்கூடத்துக்குப் போகும் விஞ்ஞானிகள் நம் நாட்டிலும் ஏராளம். அவர்கள் வேலையில் கேட்பது ஒன்றே: சான்று எங்கே? அமெரிக்க நீதிமன்றங்கள் 1987-இலும் 2005-இலும், படைப்புவாதத்தை அரசுப் பள்ளியில் விஞ்ஞானப் பாடமாக வைக்கக் கூடாது என்றுதான் தீர்ப்பளித்தன. வீட்டிலும் ஆலயத்திலும் எவர் எதை நம்புவது என்பதில் அவை தலையிடவில்லை.

நாம் நம் பிள்ளைகளுக்கு இராமாயணமும் சொல்லித் தருகிறோம், ரசாயனமும் சொல்லித் தருகிறோம். அவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை. லூசியைப் பற்றியும் சொல்லித் தரலாம். பாடநூலில் பக்கம் குறைந்தால், வீட்டில் அதைச் சொல்லும் பொறுப்பு நம்முடையது. கோடை விடுமுறையில் சென்னைக்குப் போகிறவர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஃபூட் சேகரித்த கற்கருவிகளைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். 'இதைச் செய்தவர் யார்?' என்று ஒரு குழந்தை கேட்டுவிட்டால் போதும். மீதியை அந்தக் கேள்வி பார்த்துக்கொள்ளும்.