கல்லூரி மாணவர் இடைநிற்றலைக் குறைத்தலில் வெற்றிப் பாடங்களும் கல்வி ஆலோசனையும்: அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிச் சோதனைகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கல்லூரியில் சேர்ந்த மாணவரைப் பட்டம் பெறும்வரை தக்கவைக்க அமெரிக்கக் கல்லூரிகள் இரு வழிகளைப் பெரிதும் கையாண்டு வருகின்றன. ஒன்று, கற்கும் முறையையே பாடமாகக் கற்பிக்கும் ‘மாணவர் வெற்றிப் பாடம்’. மற்றொன்று, தனி ஆலோசகர் வழி நடைபெறும் கல்வி ஆலோசனை. இவ்விரண்டையும் சமவாய்ப்பு முறையில் சோதித்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவனபோலத் தோன்றுகின்றன. அம்முரண்பாட்டின் காரணத்தை உதவியின் கால அளவு, கட்டாயத் தன்மை, ஆலோசகரின் பணிச்சுமை ஆகியவற்றைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச் சொற்கள்: இடைநிற்றல், மாணவர் தக்கவைப்பு, வெற்றிப் பாடம், கல்வி ஆலோசனை, சமுதாயக் கல்லூரி

முன்னுரை

அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகள் இரண்டாண்டுப் பட்டத்தை வழங்குவன. நுழைவுத் தடையின்றி எவரையும் சேர்த்துக்கொள்வதால், குறைந்த வருவாயுடைய குடும்பத்தினர், பணிபுரிந்துகொண்டே பயில்வோர், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வருவோர் ஆகியோர் இவற்றில் மிகுதியாகப் பயில்கின்றனர். ஆயினும் வாயில் திறந்திருப்பதனாலேயே பட்டம் கைகூடிவிடுவதில்லை. நியூயார்க் நகரச் சமுதாயக் கல்லூரிகளில் 2010-இல் தொடங்கிய சோதனையொன்றில், வழக்கமான உதவிகளை மட்டும் பெற்ற குழுவினருள் மூன்றாண்டுகளுக்குள் பட்டம் பெற்றவர்கள் ஏறத்தாழ 22 விழுக்காட்டினரே. இடையில் விலகும் மாணவர் செலவழித்த காலத்தையும் பொருளையும் இழக்கின்றார். கடன் பெற்றுப் பயின்றிருப்பின், பட்டமின்றிக் கடன்மட்டும் எஞ்சுகின்றது. எனவே, எவ்வகை உதவி மாணவரை உண்மையில் தக்கவைக்கின்றது என்பது ஆராய்தற்குரியதாகின்றது.

கோட்பாட்டுப் பின்புலம்

மாணவர் விலகுவதற்கு அவருடைய திறன்குறைவே காரணம் என்னும் கருத்து நெடுங்காலம் நிலவியது. சிராக்யூஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் வின்சென்ட் டிண்டோ 1975-இல் வெளியிட்ட கோட்பாடு இப்பார்வையை மாற்றியது. சமூகத்தோடு ஒருவருக்குள்ள பிணைப்புக் குறித்த எமில் துர்கைமின் சிந்தனையை அடியொற்றிய அக்கோட்பாடு, கல்விசார் ஒருங்கிணைப்பு, சமூக ஒருங்கிணைப்பு என்னும் இரண்டும் குறைவுபடும்போது மாணவர் விலகுகின்றார் என விளக்கியது. இதனால் விலகல் மாணவரின் குறையாக மட்டுமன்றி, மாணவருக்கும் நிறுவனத்திற்கும் இடையிலான உறவின் குறையாகவும் காணப்பெற்றது.

இக்கோட்பாடு விடுதியில் தங்கிப் பயிலும் மாணவர்க்குப் பொருந்துமளவு, வகுப்பு முடிந்தவுடன் பணிக்குச் செல்லும் சமுதாயக் கல்லூரி மாணவர்க்குப் பொருந்துவதில்லை. அவருக்கு நிறுவனத்தோடு உறவு ஏற்படும் இடங்கள் சிலவே: வகுப்பறை, ஆலோசகரின் அறை ஆகியன அவற்றுள் முதன்மையானவை. வெற்றிப் பாடமும் கல்வி ஆலோசனையும் சிறப்பிடம் பெறுவதற்கு இதுவே காரணம்.

வெற்றிப் பாடத்தின் தோற்றமும் பயனும்

தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் 1970-இல் மாணவர் கிளர்ச்சி மூண்டது. அதன் பின்னர், மாணவர்க்கும் பல்கலைக்கழகத்திற்கும் இடையே நம்பிக்கையை வளர்க்கும் நோக்குடன், அன்றைய தலைவர் தாமஸ் ஜோன்ஸ் 1972-இல் ‘யுனிவர்சிட்டி 101’ என்னும் பாடத்தைத் தொடங்கினார். பின்னர் ஜான் கார்ட்னரின் பொறுப்பில் வளர்ந்த இப்பாடம் நாடெங்கும் முன்மாதிரியாயிற்று. நேர மேலாண்மை, குறிப்பெடுத்தல், தேர்வுக்கு ஆயத்தமாதல், இலக்கு வகுத்தல், கல்லூரியின் உதவிகளை அறிந்து பயன்படுத்தல் முதலியன இத்தகைய பாடங்களின் உள்ளடக்கமாகும்.

புளோரிடா மாநிலச் சமுதாயக் கல்லூரி மாணவர்களின் பதிவுகளைக் கொண்டு கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரி ஆய்வு மையம் 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. மாணவர்களின் பின்புல வேறுபாடுகளைக் கணக்கில் கொண்ட பின்னரும், இப்பாடத்தை முடித்தவர்கள் பட்டமோ சான்றிதழோ பெறும் வாய்ப்பு ஏறத்தாழ 8 விழுக்காட்டுப் புள்ளிகள் மிகுதியாக இருந்ததென அவ்வாய்வு கண்டது. எனினும், பாடத்தை விரும்பி எடுத்து முடிப்பவர் இயல்பாகவே ஊக்கமுடையவராக இருத்தல் கூடும். அவ்வூக்கம் பதிவேடுகளில் இடம்பெறுவதில்லை.

இவ்வையத்தை நீக்க வல்லது சமவாய்ப்பு முறைச் சோதனை. வட கரோலினாவின் கில்போர்டு தொழில்நுட்பச் சமுதாயக் கல்லூரியில் 900-க்கும் மேற்பட்ட மாணவர்களைக் கொண்டு எம்.டி.ஆர்.சி. என்னும் ஆய்வு நிறுவனம் இத்தகைய சோதனையை நடத்தி, 2012-இல் முடிவுகளை வெளியிட்டது. வெற்றிப் பாடம் மாணவர்களின் தன்னறிவையும் தன்மேலாண்மையையும் உயர்த்தியது. ஆனால் தேர்ச்சியிலோ தொடர்ந்து பயில்வதிலோ ஒட்டுமொத்தமாகக் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. மாணவர் தம்மைப் பற்றி அறிந்துகொள்வதும் கல்லூரியில் நிலைத்திருப்பதும் ஒன்றல்ல என்பதை இம்முடிவு உணர்த்துகின்றது.

கட்டாயமும் விருப்பமும்

கலிபோர்னியாவின் சாஃபி கல்லூரியில், மதிப்பெண் குறைவால் எச்சரிக்கை நிலைக்குட்பட்ட மாணவர்களுக்காக 2005-இல் ஒரு திட்டம் தொடங்கப்பெற்றது. வெற்றிப் பாடமும் கற்றல் உதவி மையங்களும் அதில் இணைந்திருந்தன. பங்கேற்பு மாணவரின் விருப்பத்திற்கு விடப்பட்டமையால் ஏறத்தாழப் பாதிப் பேரே பாடத்தை எடுத்தனர், பயனும் புலப்படவில்லை. அடுத்த ஆண்டு அதே கல்லூரி திட்டத்தை இரு பருவங்களுக்கு நீட்டித்து, பாடத்தை எடுத்தே ஆகவேண்டுமென மாணவர்களிடம் தெரிவித்தது. அவ்விரு பருவங்களின் முடிவில் எச்சரிக்கை நிலையிலிருந்து மீண்டவர்கள் திட்டக் குழுவில் சுமார் 30 விழுக்காட்டினர். ஒப்பீட்டுக் குழுவில் சுமார் 16 விழுக்காட்டினர்.

உதவி மிகத் தேவைப்படுபவரே அதனைத் தாமாக நாடி வரத் தயங்குபவராக இருப்பதுண்டு. ‘விரும்பினால் வரலாம்’ என்னும் அழைப்பு அவர்களை எட்டுவதில்லை. ஆயினும், நான்காண்டுகள் தொடர்ந்து நோக்கியபோது சாஃபியின் இந்தப் பயனும் தேய்ந்து போயிற்று. கட்டாயம் பங்கேற்பை உறுதிசெய்தது. ஆனால் பயன் நிலைபெற அதுமட்டும் போதவில்லை.

கல்வி ஆலோசனையும் பணிச்சுமையும்

கல்வி ஆலோசனை குறித்த இரு அடிப்படைக் கட்டுரைகள் 1972-இல் வெளிவந்தன. வாழ்க்கை இலக்கு, தொழில் இலக்கு, படிப்புத் தேர்வு, பாடத் தேர்வு, கால அட்டவணை என ஆலோசனைக்கு ஐந்து படிநிலைகளை டெர்ரி ஓபேனியன் வகுத்தார். ஆணையிடும் ஆலோசனை, வளர்ச்சி நோக்கிய ஆலோசனை எனப் பர்ன்ஸ் குரூக்ஸ்டன் வேறுபடுத்தினார். எனினும், ஆயிரம் மாணவருக்கு ஒருவர் எனப் பொறுப்பேற்கும் ஆலோசகர் கால அட்டவணை என்னும் இறுதிப் படியைத் தாண்டிச் செல்ல இயலாது. ஆலோசனையின் தரம் ஆலோசகரின் பணிச்சுமையோடு பிணைந்துள்ளது.

இதனைச் சோதிக்கும் வாய்ப்பு ஒஹாயோ மாநிலத்தின் லொரைன், ஓவன்ஸ் ஆகிய இரு சமுதாயக் கல்லூரிகளில் அமைந்தது. அங்கு வழக்கமாக ஆலோசகர் ஒருவருக்கு ஆயிரத்திற்கும் மேற்பட்ட மாணவர்கள் இருந்தனர். திட்டத்தில் அவ்வெண்ணிக்கை 160-க்குள் அடக்கப்பட்டது. ஆலோசகரைச் சந்தித்த மாணவருக்குப் பருவத்திற்கு 150 டாலர் உதவித்தொகையும் வழங்கப்பட்டது. இரண்டாம் பருவத்திற்குப் பதிவு செய்தோர் விகிதம் ஏறத்தாழ 7 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்ந்தது. இரு பருவங்களில் திட்டம் முடிந்தது. பின்னர் வேறுபாடும் மறைந்தது.

நீடித்த உதவி: ஏ.எஸ்.ஏ.பி. திட்டம்

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-இல் தொடங்கிய ஏ.எஸ்.ஏ.பி. திட்டம் மேற்கண்ட கூறுகளை ஒன்றுசேர்த்து, மூன்றாண்டுகள் வரை வழங்கியது. மாணவர் முழுநேரமாகப் பயிலவேண்டும். அடிப்படைத் திறன் பாடங்களை முதலிலேயே முடிக்குமாறு ஊக்குவிக்கப்பட்டனர். இலக்கு வகுத்தல், கற்றல் திறன்கள் பற்றிய கருத்தரங்க வகுப்பில் பங்கேற்கவேண்டும். ஆலோசகர் ஒருவருக்கு 60 முதல் 80 மாணவர்களே. பிற மாணவர்களுக்கோ 600 முதல் 1,500 பேருக்கு ஒருவர். நிதியுதவிக்கும் கட்டணத்திற்கும் இடையிலான பற்றாக்குறையைத் திட்டமே ஏற்றது, பாடநூல்களும் இலவசம். பேருந்திலும் சுரங்க இரயிலிலும் செல்வதற்கான இலவச மெட்ரோகார்டு, திட்டத்தில் பங்கேற்பதோடு பிணைக்கப்பட்டது. முதலாண்டில் திட்ட மாணவர் சராசரியாக 38 முறை ஆலோசகரைச் சந்தித்தனர். ஒப்பீட்டுக் குழுவினர் 6 முறையே சந்தித்தனர்.

மூன்று கல்லூரிகளைச் சேர்ந்த 896 மாணவர்களைக் கொண்ட இச்சோதனையில், மூன்றாண்டுகளில் பட்டம் பெற்றவர்கள் திட்டக் குழுவில் 40 விழுக்காட்டினர்; ஒப்பீட்டுக் குழுவில் 22 விழுக்காட்டினர். மூன்றாண்டுகளில் மாணவர் ஒருவருக்கான செலவு சுமார் 16,300 டாலர், அதாவது 63 விழுக்காடு மிகுந்தது. ஆயினும் பட்டம் பெற்றோர் தொகை அதனினும் மிகுதியாக உயர்ந்தமையால், ஒரு பட்டத்திற்கான செலவு சுமார் 11 விழுக்காடு குறைந்தது. மாணவர் ஒருவருக்கான செலவை மட்டும் நோக்கும் நிர்வாகத்திற்கு இத்திட்டம் ஆடம்பரமாகத் தோன்றும். பட்டம் ஒன்றுக்கான செலவை நோக்கினால் சிக்கனமாகத் தோன்றும்.

இத்திட்டம் பின்னர் ஒஹாயோவின் மூன்று சமுதாயக் கல்லூரிகளில் மேற்கொள்ளப்பட்டது. மெட்ரோகார்டுக்கு மாற்றாக எரிபொருளும் மளிகையும் வாங்குதற்குரிய மாதாந்தர அட்டை வழங்கப்பட்டது. மூன்றாண்டுகளில் பட்டம் பெற்றோர் திட்டக் குழுவில் 35 விழுக்காடு. ஒப்பீட்டுக் குழுவில் 19 விழுக்காடு. அம்மூன்று கல்லூரிகளுள் லொரைனும் ஒன்று. இருபருவ ஆலோசனையின் பயன் மறைந்த அதே கல்லூரி, மூன்றாண்டு உதவியில் பங்குகொண்டு இத்தகைய விளைவைக் கண்ட கல்லூரிகளுள் ஒன்றாயிற்று என்பது கருதத்தக்கது. இரு திட்டங்களும் கூறுகளின் எண்ணிக்கையிலும் வேறுபடுவதால், இவ்வேறுபாட்டைக் கால அளவு ஒன்றற்கே உரியதாக்குதல் பொருந்தாது.

கருவியும் நிறுவனமும்

ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 2012 முதல், மாணவர் பதிவுகளில் 800-க்கும் மேற்பட்ட இடர்க்குறிகளைக் கணினி வழிக் கண்காணித்து ஆலோசகர்களுக்கு எச்சரிக்கை அனுப்பி வருகின்றது. அதனுடன் புதிய ஆலோசகர்களும் நியமிக்கப்பட்டனர். கட்டணப் பாக்கியால் நீக்கப்படவிருந்தோருக்குச் சிறு நிதியுதவி அளிக்கும் முறை 2011 முதலே இருந்தது. இவ்வகையான முனைப்பான ஆலோசனையை 11 பல்கலைக்கழகங்களில் சுமார் 10,000 மாணவர்களிடம் சோதித்தபோது, ஒட்டுமொத்தமாகக் குறிப்பிடத்தக்க பயன் தென்படவில்லை. ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மட்டும் பயன் தென்பட்டது. கணினி இடரைச் சுட்டும். சுட்டிய இடரைத் தீர்க்க ஆளும் பொருளும் அதிகாரமும் நிறுவனத்திடம் இருத்தல் வேண்டும்.

முடிவுரை

வெற்றிப் பாடம் தனித்து நிற்கும்போது மாணவரின் தன்னறிவை உயர்த்துகின்றது. பட்டம் வரை கொண்டுசெல்வதில்லை. குறுகிய கால ஆலோசனை அது நடைபெறும் பருவங்களில் பயன் தருகின்றது. நின்றவுடன் பயனும் நின்றுவிடுகின்றது. கட்டாயப் பங்கேற்பு, குறைந்த பணிச்சுமை, பொருளுதவி ஆகியன இணைந்து பட்டம் பெறும்வரை தொடர்ந்த இடத்திலேயே விளைவு நிலைபெற்றது. முதற்பருவத்தில் பாடமொன்றைச் சேர்ப்பது நிறுவனத்திற்கு எளிது. ஆலோசகர்களை நியமித்து மூன்றாண்டுகள் பேணுதல் அரிது. மேற்கண்ட சோதனைகள் அவ்வரிய வழியையே ஆதரிக்கின்றன. எக்கூறு எவ்வளவு பயன் தருகின்றது என்பதைப் பிரித்தறியும் சோதனைகளே இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்கன.