நாளங்காடியும் நம்மூர்ச் சந்தையும்

புதிய நகரொன்றுக்குச் செல்வோர் முதலில் எதனைக் காண விரும்புவர்? கோயில் என்பர் சிலர். கடற்கரை என்பர் வேறு சிலர். நூலகம் என்பர் என் போன்ற ஆசிரியத் தொழிலினர். யானோ கோயிலை வணங்கி வெளிவந்ததும் வினவுவது, 'இவ்வூர்ச் சந்தை எங்கே?' என்பதையே. உடன்வருவோர் நகைப்பர். 'இங்கே வாங்கி உடுப்பிட்டிக்குக் கொண்டுபோகவா போகிறீர்?' என்பர். வாங்குவதற்கு ஒன்றுமில்லை. ஆயினும், ஓரூரார் எதனை உண்கின்றனர், எதனை விளைக்கின்றனர், ஒருவரோடொருவர் எங்ஙனம் பேசுகின்றனர் என்பவற்றைச் சந்தையிற்போல வேறெங்கும் ஒருங்கு காண்டல் அரிது.

இவ்வழக்கம் என்னால் தொடங்கப்பட்டதன்று. மதுரையை அடைந்த கோவலன், கண்ணகியைக் கவுந்தியடிகளிடத்து இருத்திவிட்டு நகர் காணப் புறப்பட்டதைச் சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை கூறும். மணி விற்கும் வீதியும் பொன் விற்கும் வீதியும் கண்டு செல்பவன் கூலவீதியையும் காண்கின்றான். மிளகு மூடைகளும் தானியக் குவைகளும் நிறைந்த அவ்வீதியில் நிறைகோல் பிடித்தோரும், பறை, அம்பணம் என்னும் அளவைகளை ஏந்தியோரும் எங்கும் திரிந்தனராம். பொருளைக் கூறவந்த இளங்கோவடிகள் அளப்போரையும் மறவாது கூறியது கருதத்தக்கது. காண்பவன் வணிகர் குலத்தவன். அவன் கண் முதலில் துலாக்கோலின்மீதே சென்றிருத்தல் வேண்டும். அளவை பிழையாத அந்நகரிலேதான் அரசனது நீதி பின்னர்ப் பிழைத்தது என்பது வேறு கதை.

அதே மதுரையின் உணவுப் பெருக்கைக் காணவேண்டின் மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சிக்குச் செல்லவேண்டும். பலாச்சுளை, மாங்கனி, பல்வகைக் காய், கிழங்கு, ஊன்சோறு என அவர் அடுக்கிச் செல்லும்பொழுது, வகுப்பிற் பகலுணவுக்கு முந்திய பாடவேளையில் அதனைக் கற்பிக்கும் ஆசிரியர் நிலை இரங்கத்தக்கது. பகலிற் கூடும் நாளங்காடி, இரவிற் கூடும் அல்லங்காடி என இரு சந்தைகள் அந்நகரில் இருந்தன. அல்லங்காடியின் ஆரவாரத்தைப் பறவைகளின் ஒலியோடு ஒப்பிட்டார் புலவர். அவ்வுவமையின் செவ்வியைச் சில ஆண்டுகளின் முன் மாட்டுத்தாவணிச் சந்தையில் விடியற்காலத்தில் நின்றபொழுதே யான் உணர்ந்தேன். ஒருவர் சொல்வதும் விளங்கவில்லை. எல்லாருஞ் சேர்ந்து சொல்வது நன்கு விளங்கிற்று.

இக்காலத்துப் பெருநகரங்கள் தம் சந்தைகளை நகர் நடுவிலிருந்து புறத்தே அனுப்பிவிட்டன. பாரிசு நகரின் பழஞ்சந்தை 1969 இல் றுங்கி என்னும் புறநகருக்குப் பெயர்ந்தது. சென்னையிற் கொத்தவால் சாவடியில் நெருக்குண்டு கிடந்த காய்கனி வாணிகம் 1996 இல் கோயம்பேட்டுக்குச் சென்றது. கொழும்பிற் புறக்கோட்டை மனிங் சந்தைக்கும் அதுவே நேர்ந்தது. மொத்த வாணிகத்துக்குப் பேலியகொடையில் இடம் அமைத்தனர். நெருக்கம் குறைந்தது, வண்டிகள் வந்து திரும்ப வழி கிடைத்தது. குறைகூற யான் வரவில்லை. ஆனால் கொழும்பிலே கல்வி பயிலும் பிள்ளையொன்று, தான் உண்ணும் முருங்கைக்காய் எவ்வூரிலிருந்து வந்ததென அறியும் வாய்ப்பு அத்துடன் ஒழிந்தது. புறக்கோட்டையில் யான் நின்ற ஒரு நாளில், லொறியிலிருந்து இறங்கிய சின்ன வெங்காயச் சாக்கொன்றில் நம் குடாநாட்டுச் செம்மண் ஒட்டியிருக்கக் கண்டு, உறவினரைக் கண்டாற்போல மகிழ்ந்தேன்.

நம் நெல்லியடிச் சந்தை இன்னும் ஊர் நடுவிலேயே இருக்கின்றது. உடுப்பிட்டியிலிருந்து சைக்கிளிற் சிறிது பொழுதிற் சென்றடையலாம். பனங்கிழங்குக் காலத்தில் ஒரு தோற்றம்; கறுத்தக்கொழும்பான் மாம்பழக் காலத்தில் வேறொரு தோற்றம். கடகங்களிற் கத்தரிக்காயும் பயற்றங்காயும், பனையோலைப் பெட்டிகளில் ஒடியலும் புழுக்கொடியலும் இருக்கும். இராசவள்ளிக்கிழங்கு வரும் நாளில் வீட்டுக்காரருக்கு முன்னரே செய்தி எட்டிவிடும். மீன் விற்கும் பக்கத்துக்கு யான் செல்வதில்லை. ஆயினும் ஆங்கு எழும் ஏலக்குரலின் சந்தம் நாடகக் கலைஞரும் கேட்டுப் பயிலத்தக்கது. வாயிலருகே கீரை விற்கும் ஆச்சியரிடம் தராசே இல்லை. முருங்கையிலையும் வல்லாரையும் பிடிகளாகக் கட்டி வைத்திருப்பர். கட்டு சிறிது மெலிந்ததெனக் கண்டால், 'இதையும் வைச்சுக்கொள் தம்பி' என்று இன்னொரு பிடி இடுவர். ஐம்பது கடந்த என்னைத் தம்பி என விளிப்போர் இப்பொழுது அவ்விடத்தில் மட்டுமே உளர்.

தராசு உள்ள இடத்திலேதான் தொல்லை. வாசகர் பலரும் அறிந்த 'கழிவு' என்னும் வழக்கையே குறிப்பிடுகின்றேன். தோட்டக்காரர் நூறு கிலோ மரக்கறி கொண்டுவந்தால், குடாநாட்டுச் சந்தைகள் பலவற்றிற் பத்துக் கிலோவைக் கழித்துவிட்டுத் தொண்ணூறுக்கே பணம் எண்ணிக் கொடுப்பர். இது நீங்கவேண்டுமென உழவர் பன்முறை முறையிட்டுள்ளனர். நீக்குக என்னும் அறிவித்தல்களும் வந்தன. வழக்கோ போகவில்லை.

எங்கள் வளவிலே சில வாழைகள் உள. சென்ற ஆண்டு மூன்று குலைகளைச் சந்தையொன்றுக்குக் கொண்டுசென்றேன். எச்சந்தை என்பது வேண்டா. வாங்கியவர் என் பழைய மாணாக்கர். தராசு நாற்பது காட்டிற்று; துண்டில் முப்பத்தாறு என எழுதினார். கிலோ நூறு ரூபாய். 'நான்கு எங்கே, தம்பி?' என்றேன்.

'அது கழிவு, சேர். இஞ்சை பத்துக் கிலோ எண்டு வாங்கிறது, கொழும்பிலை போய் இறங்கேக்கை ஒன்பதுதான் நிக்கும். தண்டு, அழுகல், காய்ச்சல் எல்லாம் இருக்கு. நான் மட்டும் கழிக்காட்டில் எனக்குத்தான் நட்டம்.'

அவர் கூறியது முழுப்பொய்யன்று. தொலைவழி செல்லும் காய்கனி வாடும், சில அழுகும். அவ்விழப்பை யாரேனும் தாங்கவே வேண்டும். ஆனால், அதனை விலையிற் காட்டுவதற்கும் நிறையிற் காட்டுவதற்கும் பெரிய வேறுபாடுண்டு. விலை பேசித் தீர்த்தற்குரியது. இருவர் மனமொத்தாற் போதும். நிறை அவ்வாறன்று. நாற்பது என்பது யார் நிறுத்தாலும் நாற்பதே. அதனை முப்பத்தாறென எழுதுவதற்கு இருவர் உடன்பட்டாலும் அது முப்பத்தாறு ஆகாது. விலை குறைவென்றால் உழவன் வேறு கடைக்குச் செல்லலாம். எல்லாக் கடையிலும் கழிவு ஒன்றேயாயின் எங்கே செல்வான்? அன்றியும், அழுகாத மரக்கறிக்கும் பத்து, மாலையிலே அதே சந்தையில் விற்றுத் தீர்வதற்கும் பத்து என்றால், அது இழப்புக்கு ஈடு ஆமா?

பட்டினப்பாலையிலே கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பாராட்டும் பகுதியை அம்மாணாக்கருக்குக் கற்பித்தவன் யானே. நுகத்தடியின் நடுவே அமைந்த ஆணிபோல எப்பக்கமும் சாயாத நெஞ்சினர் அவர். கொள்ளும்பொழுது மிகுதியை அஞ்சினர், கொடுக்கும்பொழுது குறைவை அஞ்சினர். அதனை நினைவூட்டினேன்.

'அது சோதினைக்குப் படிச்சது, சேர்' என்றார் அவர். சிரித்துக்கொண்டே சொன்னார், எனினும் யான் சிரிக்கவில்லை. மூவாயிரத்து அறுநூறு ரூபாயை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன். பாடம் கேட்டவர் மறந்ததன்று என்னை வருத்தியது. மறவாமலே அதனை ஒருபுறம் வைத்ததுதான்.

மறுமுறை இரண்டு குலைகள் கொண்டுசென்றபொழுது யானே முந்திக்கொண்டேன். 'முழு நிறையையும் எழுது. உன் இழப்பை விலையிலே சொல்லு' என்றேன். சிறிது எண்ணிப் பார்த்தார். 'அப்பிடியெண்டால் கிலோ தொண்ணூறு தான், சேர்.' உடன்பட்டேன். தராசு முப்பது காட்டிற்று. துண்டில் முப்பது என்றே எழுதி, இரண்டாயிரத்து எழுநூறு கொடுத்தார். கழிவு எடுத்து நூறு ரூபாய் வீதம் தந்திருப்பினும் இதே தொகைதான். 'என்ன சேர் லாபம்?' என்று கேட்டார். விடை கூறுமுன் என் பின்னால் நின்ற முதியவர் ஒருவர், கத்தரிக்காய்ச் சாக்கைத் தராசில் ஏற்றிவிட்டு முன்னே வந்தார்.

'எனக்கும் அப்பிடியே போடு தம்பி. வீட்டிலை நிறுத்துப்போட்டுத்தான் வந்தனான். விலையைப் பிறகு கதைப்பம்.'

அவருக்குப் பின்னால் இன்னும் நால்வர் நின்றனர். என் மாணாக்கர் அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பின்னர்ப் புதிய துண்டொன்றைக் கிழித்து, தராசின் எண்ணைக் குனிந்து நோக்கினார்.