அலமாரியில் இருக்கும் டிவிடியும் வீட்டுக்காரர் உரிமையும்

2007 வாக்கில் மோசர் பேயர் நிறுவனம் தமிழ்ப் படங்களை விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று விற்க வந்தது. ஏறக்குறைய திருட்டு விசிடியின் விலைக்கே ஒரிஜினல் கிடைத்ததால் கடலூர் மாவட்டத்தின் கீரப்பாளையம் போன்ற ஒன்றியத் தலைமை ஊர்கள் வரை உறையோடு கூடிய சிடிகள் வீடுகளுக்குள் வந்தன. அந்த நிறுவனம் 2018-இல் கலைப்புக்குப் போய்விட்டது. டிவிடி பிளேயரும் பழுதாகி மூலைக்குப் போனது. சிடிகள் மட்டும் அலமாரியில் இருக்கின்றன. டிவியில் இப்போது செருகியிருப்பது ஒரு ஸ்டிக் அல்லது பாக்ஸ். அந்தப் படங்களை ஹார்டு டிஸ்க்கில் காப்பி செய்து, அதே பாக்ஸ் வழியாக வீட்டு டிவியில் பார்க்கலாமா என்று கேட்டால் இரண்டு பதில்கள்தான் கிடைக்கும். ஒன்று, “காப்பி என்றாலே திருட்டு, போலீஸ் பிடிக்கும்.” மற்றொன்று, “யார் வந்து பார்க்கப் போகிறார்கள், எதை வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்.” இரண்டுமே தவறு. காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல் சிடியை வீட்டு உபயோகத்துக்குக் காப்பி செய்துகொள்ள நம் சட்டத்தில் வலுவான இடம் இருக்கிறது. அந்த உரிமை தெரியாததால்தான் பலர் சிடிகளைக் குப்பையில் போட்டுவிட்டு, சட்டப்படியும் வீட்டுக்கும் உண்மையிலேயே ஆபத்தான வேறு வழிகளில் போய் விழுகிறார்கள்.

1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு, திரைப்படத்தைப் பிரதி எடுக்கும் உரிமையை உரிமையாளருக்குத் தருகிறது. மின்னணு முறையில் சேமித்து வைப்பதும் அதில் அடங்கும். இதை மட்டும் படிப்பவர் பயப்படுவது இயல்பு. ஆனால் எதெல்லாம் மீறல் ஆகாது என்று சொல்லும் 52-ஆவது பிரிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அதன் முதல் உட்பிரிவு, தனிப்பட்ட உபயோகத்துக்காக ஒரு படைப்பை நியாயமான முறையில் கையாள்வது மீறல் அல்ல என்கிறது. 2012 வரை இந்தச் சலுகை இலக்கியம், நாடகம், இசை, ஓவியம் போன்றவற்றுக்கு மட்டும்தான் இருந்தது, சினிமாவுக்கு இல்லை. 2012 ஜூன் 21 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம் அதை, கணினி நிரல் நீங்கலாக, எந்தப் படைப்புக்கும் என்று விரித்தது. இந்த நோக்கங்களுக்காக ஒரு படைப்பை மின்னணு ஊடகத்தில் சேமிப்பது மீறல் ஆகாது என்று ஒரு விளக்கத்தையும் கூடவே சேர்த்தது. நாடாளுமன்றம் தெரிந்தே சினிமாவை உள்ளே கொண்டுவந்திருக்கிறது. வீட்டு ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் காப்பிக்கு இதைவிட நேரான ஆதாரம் தேவையில்லை என்பது என் கருத்து.

இதற்கு ஒரு மறுப்பு சொல்லலாம். கணினி நிரலுக்கு மாற்றுப் பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்று அதே 52-ஆவது பிரிவு தனியாகச் சொல்கிறது. சினிமாவுக்கு அப்படிச் சொல்லவில்லையே, அதனால் சினிமாவுக்கு அனுமதி இல்லை என்றுதானே பொருள்? ஆழமான கேள்விதான். ஆனால் நிரலைப் பொதுச் சலுகையிலிருந்து விலக்கிவைத்ததால்தான் அதற்குத் தனி விதி எழுத வேண்டிவந்தது. சினிமா விலக்கப்படவில்லை, அதற்குத் தனி விதி வேண்டியதில்லை. அதே சமயம், ‘நியாயமான’ என்ற சொல்லைத் தள்ளிவிட முடியாது. சிடியை விற்றுவிட்டுக் காப்பியை வைத்துக்கொள்வது, நண்பரிடம் இரவல் வாங்கிக் காப்பி எடுத்துக்கொண்டு திருப்பித் தருவது, இவையெல்லாம் நியாயம் என்ற வேலிக்குள் எளிதில் அடங்காது. சிடியை உறையோடு பத்திரமாக வைத்திருங்கள். 52ஏ பிரிவின்படி அந்த உறையில் தணிக்கைச் சான்றிதழின் நகல், தயாரித்தவர் பெயரும் முகவரியும், உரிமையாளர் பெயரும் முகவரியும், அவரிடம் அனுமதி பெற்ற அறிவிப்பும் இருக்க வேண்டும். இவை எதுவும் இல்லாமல் மங்கலான ஜெராக்ஸ் படத்தோடு இருக்கும் சிடி ஒரிஜினல் அல்ல. அதைக் காப்பி செய்ய இந்தக் கட்டுரையில் எந்த நியாயமும் இல்லை.

காப்பி எடுப்பதைத் தடுக்கும் பூட்டு பற்றிய கேள்வி இன்னும் நுட்பமானது. விசிடியில் பூட்டே கிடையாது. கணினியில் போட்டு ‘எம்பெகாவ்’ என்ற ஃபோல்டரைத் திறந்தால் ‘டாட்’ என்று முடியும் பெரிய ஃபைல் ஒன்று இருக்கும். அதைக் காப்பி செய்து, கடைசி மூன்று எழுத்தை ‘எம்பிஜி’ என்று மாற்றினால் போதும், படம் ஓடும். ஒரு விசிடியில் 74 அல்லது 80 நிமிடமே அடங்கும் என்பதால் தமிழ்ப் படம் இரண்டு, மூன்று சிடியாக வரும். பெயரில் வரிசை எண் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பல டிவிடிகளில் மட்டும் சிஎஸ்எஸ் என்ற பூட்டு இருக்கும். 2012 திருத்தம் சேர்த்த 65ஏ பிரிவு பூட்டை உடைப்பதைக் குற்றமாக்குகிறது. இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. ஆனால் அந்தக் குற்றத்துக்குச் சட்டம் ஒரு நிபந்தனை வைக்கிறது: பதிப்புரிமையை மீறும் உள்நோக்கம் இருக்க வேண்டும். சட்டம் வெளிப்படையாகத் தடை செய்யாத ஒன்றுக்காகப் பூட்டைத் தாண்டுவதை அதே பிரிவின் இரண்டாம் பகுதி விட்டுவைக்கிறது. அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டுச் சட்டம் இப்படி இல்லை; சொந்த டிவிடியாக இருந்தாலும் பூட்டை உடைப்பது அங்கே சிக்கல். இணையத்தில் படிக்கும் எச்சரிக்கைகள் பெரும்பாலும் அந்த நாட்டுச் சட்டத்தை வைத்து எழுதப்பட்டவை. கீரப்பாளையத்து வீட்டுக்கு அவை பொருந்தாது. உங்களுக்காக வேறொருவர் பூட்டைத் திறந்து தந்தால், யாருக்கு, எதற்காகச் செய்தோம் என்று பெயர், முகவரியோடு அவர் முழுப் பதிவு வைத்திருக்க வேண்டும் என்றும் 65ஏ சொல்கிறது. கடையில் கொடுத்து மாற்றுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்த உரிமை வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளுக்குப் படத்தைக் கொண்டுபோவதைப் பொதுமக்களுக்குக் காட்டுவதாகவே சட்டத்தின் 2-ஆவது பிரிவு கருதுகிறது. விடுதி அறைகளையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போன்ற பெரிய வளாகத்தின் விடுதியில் தங்கும் மாணவர், தன் அறையில் தன் சிடியின் காப்பியைப் பார்ப்பது ஒன்று. அதையே வைஃபை வழியாக விடுதி முழுக்க ஓடவிடுவது முற்றிலும் வேறு. உள்ளூர் கேபிளில் போடுவதும், பஸ்ஸில் ஓட்டுவதும், கல்யாண மண்டபத்தில் திரை கட்டிக் காட்டுவதும் அப்படித்தான். 63-ஆவது பிரிவின்படி, தெரிந்தே மீறுபவருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். இந்தக் குற்றத்துக்குப் பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம், ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் தீர்ப்பளித்தது. தமிழ்நாடு இன்னும் கடுமையாகப் போயிருக்கிறது: 1982-ஆம் ஆண்டுக் குண்டர் தடுப்புச் சட்டத்தில் 2004-இல் வீடியோ திருடர்களும் சேர்க்கப்பட்டார்கள், விசாரணை இல்லாமலே 12 மாதம் வரை அடைத்துவைக்க முடியும். செல்போன் கடையில் காசு வாங்கிக்கொண்டு பென்டிரைவில் புதுப்படம் ஏற்றித் தருகிறார்களே, இந்தச் சட்டங்கள் குறிவைப்பது அந்தத் தொழிலைத்தான். நிரப்பிய பென்டிரைவை வாங்குபவர் தன் அலமாரிக்குள் இருக்கும் நியாயத்தை விட்டுவிட்டு அந்தத் தொழிலுக்குள் காலை வைக்கிறார்.

தயாரிப்பாளர் நஷ்டப்படுவார் என்ற வாதத்தை மதிக்க வேண்டும். திருட்டுப் பிரதியால் தமிழ் சினிமா பட்ட அடி உண்மை. ஆனால் அந்த 28 ரூபாயும் 34 ரூபாயும் தயாரிப்பாளர் தரப்பு ஒப்புக்கொண்டு வாங்கிய விலை. வீட்டில் பார்க்க என்று விற்கப்பட்ட பொருளை அதே வீட்டில், அதே குடும்பம், வேறொரு கருவியில் பார்ப்பதால் அவர் கையிலிருந்து எதுவும் போவதில்லை. எல்லாப் படமும் ஓடிடியில்தான் இருக்கிறதே, சிடி எதற்கு என்பது அடுத்த வாதம். ஓடிடி நிறுவனம் படத்தைக் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் உரிமம் எடுக்கிறது. காலம் முடிந்தால் படம் பட்டியலிலிருந்து போய்விடும். சந்தா கட்டியவர் கேள்வி கேட்க முடியாது. நம் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’, 1931-இல் வந்தது, அதன் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை. பிரதிகள் பல இடத்தில் இருப்பது வீணல்ல என்பதற்குத் தமிழ் சினிமாவின் தொடக்கமே சாட்சி.

பழைய படங்களுக்கு இன்னொரு வசதி உண்டு. திரைப்படத்தின் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1952-இல் வந்த ‘பராசக்தி’யின் காலம் 2012 முடிவிலும், 1964-இல் வந்த ‘கர்ண’னின் காலம் 2024 முடிவிலும் தீர்ந்தது. பாட்டுக்குக் கணக்கு வேறு. பாடலாசிரியர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு என்பதால் 1981-இல் மறைந்த கண்ணதாசனின் வரிகளுக்கு 2041 வரை உரிமை இருக்கிறது. வீட்டில் பார்க்க இது தடையே இல்லை. யூடியூபில் ஏற்ற நினைப்பவர்தான் யோசிக்க வேண்டும்.

காப்பி எடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள் என்பதற்கு இந்த மண்ணே காரணம். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல், 2015 நவம்பரில் பெருவெள்ளம் என்று கடலூர் மாவட்டம் பட்டதை யாரும் மறக்கவில்லை. சிடியின் மேல்பூச்சில் கீறலோ ஈரமோ இறங்கினால் உள்ளே இருக்கும் மெல்லிய அலுமினியப் படலம் அரிக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசிமுனைத் துளைகள் தெரியும். அதற்குமுன் எடுத்துவிட வேண்டும். அழுக்கு சிடியை நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாக அல்ல. ஒரு டிவிடி 4.7 ஜிபி என்று வைத்தால் நூறு படம் 500 ஜிபிக்குள் அடங்கும். ஒரே ஹார்டு டிஸ்க்கை நம்பாமல் இன்னொன்றிலும் காப்பி வைப்பது நல்லது. பல ஸ்டிக்குகள் டிவிடியின் பழைய வடிவத்தை நேரே ஓட்டாது. விஎல்சி செயலியைப் போட்டாலே பெரும்பாலும் ஓடும், அல்லது ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளால் மாற்றிக்கொள்ளலாம்.

இனி பாக்ஸ். ‘வாழ்நாள் முழுக்க எல்லாப் படமும் இலவசம்’ என்று பெயர் தெரியாத கம்பெனியின் ஆண்ட்ராய்டு பாக்ஸ் இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது. உண்மையான ஆபத்து இங்கேதான். டி95 என்ற மாடலில் தொழிற்சாலையிலேயே வைரஸ் ஏற்றப்பட்டிருந்தது 2023 தொடக்கத்தில் வெளிவந்தது. அதே ஆண்டு ‘பேட்பாக்ஸ்’ என்ற பெயரில் 74,000-க்கும் மேற்பட்ட கருவிகளில் அதே வகை நோயை ஒரு பாதுகாப்பு நிறுவனம் கண்டறிந்தது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ எச்சரிக்கை விட்டது. அடுத்த மாதம் கூகுள் தொடுத்த வழக்கில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் என்று சொல்லப்பட்டது. இந்த பாக்ஸ் உங்கள் இணைய இணைப்பை முன்பின் தெரியாதவர்களுக்கு வாடகைக்கு விடுகிறது. மோசடி செய்தவன் எங்கோ இருப்பான். தடம் பிடித்து வரும் போலீஸுக்கு உங்கள் வீட்டு ஐபி முகவரி கிடைக்கும். சொந்த சிடியைக் காப்பி எடுக்கப் பயந்து இந்த பாக்ஸை வாங்குவது எவ்வளவு பெரிய கேடு என்று யோசியுங்கள். பெயருள்ள கருவி வாங்குங்கள். பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் பிளே ப்ரொடெக்ட் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். மீடியா சர்வர் மென்பொருள் வைத்திருந்தால் அப்டேட் செய்துகொண்டே இருக்க வேண்டும். 2022-இல் கடவுச்சொற்களைக் காக்கும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் நடந்த பெரிய திருட்டுக்கு, அதன் ஊழியர் ஒருவர் வீட்டுக் கணினியில் அப்டேட் செய்யாமல் விட்ட பிளெக்ஸ் என்ற மீடியா சர்வரும் ஒரு வழியானது.

சிக்கல் வந்தால் வழி இருக்கிறது. உங்கள் சிடிகளையோ ஹார்டு டிஸ்க்கையோ போலீஸ் எடுத்துப்போனால், 64-ஆவது பிரிவின்படி 15 நாளுக்குள் மாஜிஸ்திரேட்டிடம் திருப்பிக் கேட்டு மனு போடலாம். உறையும் ரசீதும் அன்றைக்குத்தான் பேசும். பதிப்புரிமைக்காரர் என்று சொல்லிக்கொண்டு ஆதாரமில்லாமல் வழக்கு மிரட்டல் விடுபவர் மீது 60-ஆவது பிரிவில் எதிர்வழக்கும் நஷ்ட ஈடும் கேட்கலாம். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவியைக் கேட்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் இதற்கு வருமான வரம்பு கிடையாது. “திருட்டுப் படம் பார்த்தீர்கள், டிஜிட்டல் அரெஸ்ட்” என்று போனில் பணம் கேட்டால் அது மோசடி; உடனே 1930-க்குச் சொல்லுங்கள். நோய்பட்ட பாக்ஸை ரீசெட் செய்து பயனில்லை, உள் மென்பொருளிலேயே அது இருக்கும். இணைப்பைத் துண்டித்து, லேபிளைப் படம் எடுத்து, 1915 நுகர்வோர் எண்ணில் புகார் கொடுங்கள். தீரவில்லை என்றால் விற்றவர் டெல்லியில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது கீரப்பாளையத்துக்காரர் என்றால் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.