சூரிய மின் கடனுக்கு முன் மின்பட்டியலைப் பாருங்கள்

தெற்கு அந்தமானில் சௌல்தாரி போன்ற சிற்றூர்களில் வாழும் வாடிக்கையாளர்கள் அண்மைக் காலமாக எங்களிடம் ஒரு கேள்வியைக் கேட்கின்றனர்: "கூரையில் சூரியத் தகடு போட்டால் மின்கட்டணமே வராதாமே, கடன் கிடைக்குமா?" கடன் கிடைக்கும். ஆனால் அதற்கு முன், கடந்த ஆறு மாத மின்பட்டியல்களை எடுத்து வருமாறு அவர்களிடம் சொல்கிறோம்.

இத்தீவுகளின் மின்சாரம் பெருமளவும் டீசலில் பிறக்கிறது. இந்தியப் பெருநிலத்தின் மின்தொகுப்போடு இணைப்பு இல்லை; ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து டீசல் கப்பலில் வர வேண்டும். மாற்று முயற்சிகளும் உள்ளன. கராச்சர்மாவில் 5 மெகாவாட் சூரிய மின் நிலையம் இயங்குகிறது. பழுப்பு நிலக்கரிக்குப் பெயர்பெற்ற நமது நெய்வேலி நிறுவனமே தெற்கு அந்தமானில் 20 மெகாவாட் சூரிய மின் நிலையத்தை மின்கலத் தொகுப்புடன் அமைத்துள்ளது. எனினும் டீசலின் பங்கே பெரிது. உற்பத்திச் செலவு மிக அதிகம். அதில் ஒரு சிறு பகுதியையே வீடுகளிடம் கட்டணமாக வாங்குகின்றனர். குறைந்த வருமானமுள்ள குடும்பத்தின் கணக்கு இங்கேதான் பெருநிலத்தின் கணக்கிலிருந்து வேறுபடுகிறது.

பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம் 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. ஒரு கோடி வீடுகள் அதன் இலக்கு. அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்குப் பெரும்பாலான மாநிலங்களைவிட மானியம் பத்து விழுக்காடு கூடுதல்: முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 33,000 ரூபாய், மூன்றாவதற்கு 19,800, ஆக மொத்தம் 85,800 ரூபாய் வரை. சொந்தக் கூரையும் மின் இணைப்பும் இருக்க வேண்டும். தேசிய இணையதளத்தில் பதிவு செய்து, மின்துறையின் ஒப்புதல் பெற்று, பதிவு பெற்ற நிறுவனத்தின் வழியே நிறுவிய பிறகே மானியம் வாடிக்கையாளரின் வங்கிக் கணக்கில் சேரும். அதாவது, முதலில் பணம் போட வேண்டியவர் நீங்கள். அந்த இடைவெளியை நிரப்பவே பிணையில்லாக் கடன்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். இரண்டு கிலோவாட் அமைப்பின் விலை 1,30,000 ரூபாய் எனக் கொள்வோம். தீவுகளில் கப்பல் கூலியால் இது கூடலாம். பத்து விழுக்காடான 13,000 ரூபாயை நீங்கள் செலுத்துகிறீர்கள். 1,17,000 ரூபாய் கடன். மானியமாக வரும் 66,000 ரூபாயை உடனே அசலில் கட்டினால் மீதி 51,000. வட்டி ரெப்போ விகிதத்தைப் பொறுத்து மாறும். ஏழு விழுக்காடு என வைத்துக்கொண்டால், பத்தாண்டுத் தவணை மாதம் சுமார் 590 ரூபாய். ஐந்தாண்டு எனில் 1,010 ரூபாய். மானியத்தை வேறு செலவுக்கு எடுத்துவிட்டால் தவணை இருமடங்கைத் தாண்டும். இந்தத் தவறு மிக எளிதாக நேர்ந்துவிடுகிறது.

இப்போது மின்பட்டியலைப் பாருங்கள். மாதம் 90 யூனிட் மட்டும் செலவிடும் வீடு, தீவுகளின் முதல் அடுக்குக் கட்டணத்தில் 590 ரூபாய் கட்டுவதில்லை. அந்த வீட்டுக்குக் கடன் வாங்கித் தகடு போடுவது, இல்லாத சுமையை ஏற்றிக்கொள்வதாகும். இதைச் சொல்லிக் கடனை விற்காமல் அனுப்புவது வங்கி அலுவலருக்கு வழக்கமான வேலையன்று. ஆயினும் சொல்லியே ஆக வேண்டும். குளிர்பதனப் பெட்டி, நீரேற்று மோட்டார் என 250 யூனிட் செலவிடும் வீட்டுக்குக் கணக்கு வேறு. மேல் அடுக்கில் யூனிட் விலை அதிகம். சூரிய மின்சாரம் முதலில் நீக்குவது அந்த விலையுயர்ந்த யூனிட்டுகளையே.

சிறு பயனீட்டாளர் முதலில் செய்ய வேண்டியது விசிறியை மாற்றுவது. எல்.இ.டி. விளக்குகள் 2015இல் தொடங்கிய உஜாலா திட்டத்தால் பல வீடுகளுக்கு வந்துவிட்டன. ஆனால் 75 வாட் பழைய மின்விசிறிகள் அப்படியே சுழல்கின்றன. நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடும் அத்தகைய விசிறி மாதம் 27 யூனிட் எடுக்கும். 28 வாட் பி.எல்.டி.சி. விசிறி 10 யூனிட்டே எடுக்கும். இரண்டு விசிறிகளை மாற்றினால் 34 யூனிட் மிச்சம். வாடகை வீட்டில் இருப்போரும் இதைச் செய்யலாம். வீடு மாறும்போது விசிறியைக் கழற்றி எடுத்துச் செல்லலாம். பெரிய பயனீட்டாளரும் இதை முடித்த பிறகே தகட்டின் அளவைத் தீர்மானிப்பது நல்லது. மூன்று கிலோவாட் கேட்டு வந்தவருக்கு இரண்டே போதுமானதாகக்கூட இருக்கலாம்.

இன்னொரு செய்தி பலருக்கு ஏமாற்றம் தருகிறது. மின்தொகுப்போடு இணைந்த சாதாரண அமைப்பு, மின்வெட்டின்போது தானும் நின்றுவிடும். கம்பியில் பழுது பார்க்கும் ஊழியரின் உயிரைக் காக்கவே இந்த ஏற்பாடு. மின்வெட்டிலும் விளக்கு எரிய வேண்டுமெனில் மின்கலமும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் தேவை. அவற்றின் விலை தனி.

கூரையையும் மறக்க வேண்டாம். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் பத்து சதுர மீட்டர் நிழலற்ற இடம் வேண்டும். பாக்கும் தென்னையும் சூழ்ந்த வீடுகளில் காலை பத்து மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் நிழல் எங்கே விழுகிறது என்று நீங்களே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மே முதல் டிசம்பர் வரை நீளும் மழைக்காலத்தில் உற்பத்தி குறையும். மரச்சட்டத்தின் மேல் தகரம் வேய்ந்த கூரை, தகட்டின் எடையையும் கடற்காற்றையும் தாங்குமா என்பதை நிறுவுபவர் நேரில் வந்து சோதிக்க வேண்டும். உப்புக் காற்றில் துருப்பிடிக்காத தாங்கிகள்தானா என்பதை விலைப்புள்ளியிலேயே எழுதி வாங்குங்கள். அந்த விலைப்புள்ளியுடனும் ஆறு மின்பட்டியல்களுடனும் கிளைக்கு வந்தால், உங்கள் வீட்டுக்கு எத்தனை கிலோவாட், எத்தனை ஆண்டுத் தவணை என்பதைச் சேர்ந்தே கணக்கிடுவோம்.